பெட்டியின் படத்தில் இல்லாதவை

விளையாட்டுப் பொருள் என்றதும் அதைச் சிறுபிள்ளைகளின் விடயமாக எண்ணிக் கடந்து போவதே எமது வழக்கம். ஆனால் ஒரு சமூகம் ஆண் பிள்ளையின் கையில் எதைக் கொடுக்கின்றது, பெண் பிள்ளையின் கையில் எதைக் கொடுக்கின்றது என்று பார்த்தாலே, பிற்காலத்தில் அவர்களிடம் எதை எதிர்பார்க்கின்றது என்பது தெரிந்துவிடும். உலகின் பல நாடுகளிலும் விற்பனையாகும் ‘லெகோ’ என்னும் பிளாஸ்ரிக் கட்டைகளைப் பற்றியும், அவற்றைக் கொண்டு நிறுவனம் சொல்லித் தராத பொருட்களைத் தாமே கற்பனை செய்து கட்டுகின்ற மனிதர்களைப் பற்றியும் இம்முறை எழுதுகின்றேன். அவர்களில் சிலருடைய கதைகள் எமது வாசகிகளுக்கு மிக நெருக்கமானவை.

வெளிநாட்டில் உள்ள உறவினர்கள் வரும்போது கொண்டுவரும் பொருட்களில் சிலர் இக்கட்டைகளைப் பார்த்திருக்கலாம். விரலளவான சிறு செவ்வகக் கட்டை. மேற்புறத்தில் இரு வரிசையாக எட்டுக் குமிழ்கள். அடிப்புறம் வெறுமையாக, நடுவே மூன்று சிறு குழாய்களுடன் இருக்கும். ஒன்றின் மேல் மற்றொன்றை வைத்து அழுத்தினால் இறுகப் பிடித்துக்கொள்ளும். ஆனாலும் சிறு பிள்ளையின் கையாலேயே இழுத்துக் கழற்றிவிடலாம். இந்த அமைப்புக்கு 1958ஆம் ஆண்டு ஜனவரி 28ஆம் திகதி காப்புரிமைக்கு விண்ணப்பிக்கப்பட்டது. அன்று செய்த கட்டையை இன்று செய்யப்படும் கட்டையுடன் பொருத்தினாலும் பிசகாமற் பொருந்தும். பேத்தியின் கட்டையும் பாட்டியின் கட்டையும் ஒரே சுவரில் இருக்கலாம் என்பது சிறிய விடயமன்று.

இதன் பிறப்பிடம் டென்மார்க் நாட்டின் பில்லுண்ட் என்னும் சிற்றூர். ஓலே கிர்க் கிறிஸ்ரியான்சன் என்ற தச்சர் அங்கு வீடுகளும் தளபாடங்களும் செய்து வாழ்ந்தவர். 1924இல் அவருடைய பிள்ளைகள் பட்டறையில் விளையாட்டாக மூட்டிய நெருப்பு மரச்சீவல்களிற் பற்றி, பட்டறையையும் வீட்டையும் எரித்துவிட்டது. பின்னர் வந்த உலகப் பொருளாதார நெருக்கடியில் வீடு கட்டுவிப்பார் இல்லாமற் போகவே, 1932இல் மரத்தில் விளையாட்டுப் பொருட்கள் செய்யத் தொடங்கினார். அதே ஆண்டில் மனைவி இறந்தார். வளர்க்க வேண்டிய ஆண் பிள்ளைகள் நால்வர். ‘நன்றாக விளையாடு’ என்று பொருள்படும் இரண்டு டேனிஷ் சொற்களைச் சுருக்கி 1934இல் ‘லெகோ’ எனப் பெயர் வைத்தார். 1942இல், ஜேர்மனியப் படைகள் டென்மார்க்கைப் பிடித்து வைத்திருந்த காலத்தில், தொழிற்சாலை மீண்டும் எரிந்தது. அவர் மறுபடியும் கட்டினார். எரிந்த இடத்திலேயே திரும்பக் கட்டுவது என்றால் என்ன என்று எமது வாசகிகளுக்கு விளக்க வேண்டியதில்லை.

கட்டையின் மூல யோசனை அவருடையதல்ல என்பதையும் சொல்லிவிட வேண்டும். பிரித்தானியாவில் ஹிலரி ஃபிஷர் பேஜ் என்பவர் செய்த பிளாஸ்ரிக் கட்டைகளைப் பார்த்தே 1949இல் லெகோ தனது கட்டையைச் செய்தது. அடிப்புறக் குழாய்தான் பின்னர் அவர்கள் சேர்த்த புதுமை.

எட்டுக் குமிழ்க் கட்டைகள் இரண்டை எத்தனை விதமாகப் பொருத்தலாம்? ஒரே நிறமாயின் 24 விதமாக. மூன்று கட்டைகள் என்றால் 1,060 விதமாக. ஆறு கட்டைகள் என்றால் 91 கோடி 51 இலட்சத்தையும் தாண்டிவிடுகிறது. கொப்பன்ஹேகன் பல்கலைக்கழகத்தின் கணித அறிஞர் சோரன் ஐலர்ஸ் கணினியின் உதவியோடு இதைக் கணக்கிட்டார். அதற்கு முன்னர் நிறுவனமே பல ஆண்டுகளாக இதைவிட மிகக் குறைந்த ஓர் எண்ணிக்கையைச் சொல்லி வந்தது. தான் விற்கும் பொருளால் எவ்வளவு முடியும் என்பது விற்பவருக்கே சரியாகத் தெரிந்திருக்கவில்லை!

பெட்டியை வாங்கினால் உள்ளே செய்முறைக் கையேடு இருக்கும். பெட்டியின் மேல் உள்ள படத்தைப் போலவே வீட்டையோ காரையோ படிப்படியாகக் கட்டி முடிக்கலாம். பலர் அத்துடன் நின்றுவிடுவர். வேறொரு கூட்டத்தினர் கையேட்டை ஒரு பக்கம் வைத்துவிட்டுத் தாம் நினைத்ததைக் கட்டுவர். இப்படிக் கட்டியதை ‘என் சொந்தப் படைப்பு’ என்று பொருள்படும் ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துகளைச் சேர்த்து ‘மொக்’ என்று அழைக்கின்றனர். இவர்களிற் பெரும்பாலானோர் வளர்ந்தவர்கள். பொறியியலாளர், ஆசிரியர், சாரதி, இல்லத்தரசி எனப் பலதரப்பட்டவர்கள். பில்லுண்டில் 2017இல் திறக்கப்பட்ட ‘லெகோ ஹவுஸ்’ என்னும் கட்டடத்தின் ஒரு மண்டபம் இத்தகைய இரசிகர்களின் படைப்புகளைக் காட்சிப்படுத்துவதற்கென்றே ஒதுக்கப்பட்டுள்ளது.

ஒரு துண்டு எதற்காகச் செய்யப்பட்டதோ அதைத் தவிர வேறு எதுவாகவெல்லாம் ஆக முடியும் என்று கண்டுபிடிப்பதே இவர்களுடைய திறமை. கட்டையைப் படுக்க வைப்பார்கள், கவிழ்த்து வைப்பார்கள், குமிழே தெரியாமற் சுவர் எழுப்புவார்கள். 2021இல் நிறுவனம் வெளியிட்ட போன்சாய் மரத்தில் செரிப் பூக்களாக இருப்பவை உண்மையில் இளஞ்சிவப்பு நிறத் தவளைகள். நூறு தவளைகளைக் கிளைகளில் ஏற்றிவிட்டால் தூரத்தில் நின்று பார்ப்பவருக்கு மரம் பூத்து நிற்கும். இரசிகர்கள் பல காலமாகச் செய்துவந்த வித்தையை நிறுவனமும் எடுத்துக்கொண்டது எனலாம். நுங்குக் கோம்பையில் வண்டி செய்து உருட்டிய எமது பிள்ளைகளுக்கு இந்த வித்தை புதிதன்று.

அமெரிக்காவின் சியாட்டில் பகுதியைச் சேர்ந்த அலிஸ் ஃபின்ச், இரண்டு பிள்ளைகளின் தாய். ஹரி பொட்டர் கதைகளில் வரும் பாடசாலையை அவர் 12 மாதங்களில் ஏறத்தாழ 400,000 கட்டைகளைக் கொண்டு கட்டினார். 2012இல் அங்கு நடந்த கண்காட்சியில் மக்களை மிகவும் கவர்ந்தது அதுவே. கூடங்களும் வகுப்பறைகளும் உள்ளே முழுமையாக அமைக்கப்பட்டிருந்தன. சிறு வயதில் கட்டைகளைக் கைவிட்டு வளர்ந்த பின் திரும்பி வரும்வரை உள்ள இடைவெளியை இந்த இரசிகர்கள் ‘இருண்ட காலம்’ என்று வேடிக்கையாகக் குறிப்பிடுவர். பெண்களுக்கு இந்த இருண்ட காலம் சீக்கிரமே தொடங்கிவிடுகிறது என்பது எனது அபிப்பிராயம். பத்து வயதுப் பெண் பிள்ளை கட்டைகளோடு தரையில் அமர்ந்திருந்தால் “இன்னும் என்ன விளையாட்டு?” என்று கேட்க யாராவது ஒருவர் எந்த நாட்டிலும் இருக்கத்தான் செய்கிறார்.

நிறுவனமும் இதற்குத் துணைபோகாமல் இருக்கவில்லை. 1970களில் பெற்றோருக்கென அது அச்சிட்ட ஒரு சிறு குறிப்பு, ஆக்கும் ஆர்வம் ஆண் பெண் இருபாலாருக்கும் ஒன்றே எனவும், பிள்ளை எதைக் கட்ட விரும்பினாலும் விட்டுவிடுங்கள் எனவும் கூறியிருந்தது. 1981இல் வெளிவந்த ஒரு விளம்பரத்தில் இரட்டைப் பின்னலும் நீலக் காற்சட்டையும் அணிந்த சிறுமி ஒருத்தி, தான் கட்டிய ஏதோ ஒன்றைக் கையில் ஏந்திச் சிரிக்கிறாள். அது வீடா வாகனமா என்று யாருக்கும் தெரியாது. அவளுக்குத் தெரியும், அது போதும். பின்வந்த ஆண்டுகளில் பெட்டிகளின் படங்களில் ஆண் பொம்மைகளே நிறைந்தன. 2012இல் பெண் பிள்ளைகளுக்கென்றே ‘ஃபிரெண்ட்ஸ்’ என்னும் வரிசை வந்தது. இளஞ்சிவப்பும் ஊதாவுமாக அழகு நிலையமும் சிற்றுண்டிச்சாலையும் வைத்துக் கட்டப்பட்ட ஊர் அது. எதிர்ப்பும் வந்தது, விற்பனையும் பெருகியது. பெண் பிள்ளைகள் கட்டைகளைக் கையில் எடுத்தார்களே என்று மகிழ்வதா, எடுத்த கையில் மறுபடியும் கண்ணாடியும் சீப்பும்தானா என்று வருந்துவதா எனச் சொல்வது கடினம். 2014ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஏழு வயதுச் சிறுமி ஒருத்தி நிறுவனத்துக்கு எழுதிய கடிதம் பல நாடுகளின் பத்திரிகைகளில் வெளிவந்தது. பெண் பொம்மைகளுக்கு வேலையே இல்லை, ஆண் பொம்மைகள்தான் வேலை செய்கின்றன, ஆட்களைக் காப்பாற்றுகின்றன என்பதே அவளுடைய முறைப்பாடு.

அதற்கு முன்பே ஒரு பெண் இக்குறைக்கு வேறு விதமாகப் பதில் தேடத் தொடங்கியிருந்தார். எல்லன் கோய்மன், சுவீடனின் ஸ்ரொக்ஹோமில் பணியாற்றும் புவி இரசாயன விஞ்ஞானி. கடைகளில் உள்ள பொம்மைகளிற் பெண்கள் குறைவாக இருப்பதையும், இருப்பவர்களும் பழைய அச்சிலேயே வார்க்கப்பட்டிருப்பதையும் அவதானித்த அவர், பல தொழில்களில் ஈடுபடும் பெண்களின் சிறு காட்சிகளைத் தாமே கட்டினார். இரசிகர்களின் படைப்புகளை ஏற்பதற்கு நிறுவனம் ஓர் ஏற்பாடு வைத்துள்ளது. ஒரு படைப்புக்குப் பொதுமக்களில் 10,000 பேர் ஆதரவு தெரிவித்தால் அது பரிசீலனைக்கு எடுத்துக்கொள்ளப்படும். கோய்மனுடைய படைப்பு அந்தத் தொகையை எட்டி, 2014 ஓகஸ்ட் மாதம் ‘ஆராய்ச்சி நிறுவனம்’ என்ற பெயரில் கடைக்கு வந்தது. டைனோசரின் எலும்புக்கூட்டோடு ஒருத்தி, தொலைநோக்கியோடு ஒருத்தி, ஆய்வுகூடத்தில் இரசாயனக் குடுவைகளோடு ஒருத்தி என மூன்று பெண்கள். சில நாட்களிலேயே விற்றுத் தீர்ந்தது.

2017இல் மாயா வைன்ஸ்ரொக் என்ற அமெரிக்க எழுத்தாளர் வடிவமைத்த மற்றொரு பெட்டி வந்தது. அமெரிக்க விண்வெளி நிறுவனமான நாசாவின் வரலாற்றில் இடம்பெற்ற நான்கு பெண்கள் அதில் இருந்தனர். சந்திரனுக்குச் சென்ற அப்பல்லோ கலங்களின் கணினி நிரல்களை ஆக்கிய குழுவுக்குத் தலைமை வகித்த மார்கரெட் ஹமில்டன், தம் உயரத்துக்கு அடுக்கிய கடதாசிக் கட்டின் அருகில் நிற்பதாக எடுக்கப்பட்ட புகைப்படம் பிரசித்தமானது. அந்தக் காட்சியே கட்டைகளிலும் அமைக்கப்பட்டிருந்தது.

இதில் பணக் கணக்கையும் பார்க்கத்தானே வேண்டும். தெரிவாகும் படைப்பைச் செய்தவருக்கு நிகர விற்பனையில் நூற்றுக்கு ஒரு வீதம் கொடுக்கப்படுகிறது. கோய்மனுடைய பெட்டியின் விலை அமெரிக்காவில் 20 டொலருக்குச் சற்றுக் குறைவு. அப்படியானால் ஒரு பெட்டிக்கு அவருக்கு 20 சதம்கூட வந்திராது. பன்னவேலைப் பெட்டிக்கும் தும்புக் கயிற்றுக்கும் இடைத்தரகர் தரும் காசை எண்ணிப் பார்த்த கைகளுக்கு இக்கணக்கு நன்றாகவே விளங்கும்.

கட்டைகளால் எல்லோரும் நல்லவற்றையே கட்டுகிறார்கள் என்றும் இல்லை. இன்றைய போர்க்களங்களில் உள்ள உண்மையான ஆயுதங்களைப் போன்ற பொருட்களைச் செய்வதில்லை என்பது நிறுவனத்தின் கொள்கை. 2020இல் இராணுவம் பயன்படுத்தும் ஒஸ்பிரே வானூர்தியை ஒத்த பெட்டி ஒன்று விற்பனைக்கு வரவிருந்தது. ஜேர்மனியச் சமாதான அமைப்பொன்று எதிர்த்ததையடுத்து அது நிறுத்தப்பட்டது. ஆயினும் இரசிகர்கள் தாங்கிகளையும் போர் விமானங்களையும் தாமே வடிவமைத்துக் கட்டிக்கொண்டுதான் இருக்கிறார்கள். யுத்தம் நடந்த ஊர்களில் சிறுவரோடு வேலை செய்பவர்களுக்கு இது வியப்பளிக்காது. களிமண்ணைக் கையில் கொடுத்தால் முதலில் வருவது துவக்கும் பங்கரும்தான். அதைத் தடுப்பதைவிட, அடுத்ததாக என்ன வருகிறது என்று பொறுத்திருந்து பார்ப்பதே நல்லது என்று நான் நினைக்கிறேன்.

யுத்தம் விட்டுச்சென்ற சுவர்களில் கட்டைகளை வைத்தவர் யான் வோர்மான் என்ற ஜேர்மனியக் கலைஞர். 2007இல் இத்தாலியின் பொக்கின்யானோ என்ற சிறு கிராமத்தில், பழைய கற்சுவர்களில் இருந்த வெடிப்புகளையும் பொந்துகளையும் வண்ணக் கட்டைகளால் நிரப்பத் தொடங்கினார். பின்னர் பேர்லின் நகரில், இரண்டாம் உலக யுத்தத்தின் ரவைகளும் குண்டுச் சிதறல்களும் துளைத்த சுவர்களிலும் அதையே செய்தார். வீதியால் போவோரும் பிள்ளைகளும் சேர்ந்துகொள்வர். சீமெந்து பூசினால் துளை மறைந்துவிடும். இங்கே சிவப்பும் மஞ்சளும் நீலமுமாகத் துளை முன்னையிலும் பார்க்க நன்றாகத் தெரிகிறது, ஆனால் அது இப்போது துளையாக இல்லை. பிற நாடுகளிலும் பலர் தமது ஊர்ச் சுவர்களில் இதைப் பின்பற்றியுள்ளனர். சல்லடையான சுவர்களுக்கு நடுவே பிள்ளைகளை வளர்த்தவர்களில் சிலருக்கு இது அழகாகப் படலாம், சிலருக்குக் கோபம் வரலாம். துளையை அப்படியே விட்டுவைக்க வேண்டும் என்று சொல்பவரிடமும் நியாயம் உண்டு.

ஜேர்மனியின் ஹனாவ் நகரில் வாழும் ரீட்டா ஏபெல் கட்டுவது வேறொன்று. வாகன விபத்தொன்றின் பின் அவர் 25 ஆண்டுகளாகச் சக்கர நாற்காலியில் வாழ்ந்து வந்தவர். கடை வாசலில் உள்ள ஓர் அடி உயரமும் இல்லாத ஒரு படி அவருக்கு மதிலாகிவிடும். ஆகவே மக்கள் அன்பளிப்பாகக் கொடுக்கும் பழைய கட்டைகளைச் சேர்த்து, வாசலின் அளவுக்கேற்பச் சாய்தளங்கள் செய்யத் தொடங்கினார். கணவரும் கூட இருந்து செய்கிறார். ஒரு சாய்தளத்துக்குப் பல நூறு கட்டைகள் வேண்டும். நாற்காலியின் பாரத்தைத் தாங்குவதற்காக எட்டுக் குழாய்கள் வரை பசையும் பிடிக்கும். 2020இல் அவர் செய்தியானபோது வயது 62. ‘லெகோப் பாட்டி’ என்று ஊரவர் பெயர் வைத்துவிட்டனர். மரத்தாலோ இரும்பாலோ செய்தால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள், இதை மட்டும் பார்க்காமற் போக முடியாது என்பது அவருடைய எண்ணம். செய்முறையை ஒஸ்திரியா, சுவிற்சர்லாந்து ஆகிய நாடுகளுக்கும் அனுப்பி வைத்தார். எமது பிரதேச அலுவலகங்களிலும் வங்கிகளிலும் எத்தனை வாசல்களில் படி மட்டும் இருக்கிறது என்று அடுத்த முறை போகும்போது எண்ணிப் பாருங்கள்.

ஸ்பெயினுக்கும் பிரான்சுக்கும் இடையில் மலைகளின் நடுவே உள்ள சின்னஞ்சிறு நாடு அந்தோரா. அங்கு பிறந்த டேவிட் அகுவிலாருக்கு வலது கையின் முன்பகுதி பிறவியிலேயே இல்லை. ஒன்பது வயதில் லெகோக் கட்டைகளைக் கொண்டு தனக்கொரு கை செய்து பார்த்தார். அது பலமாக நிற்கவில்லை. 2017இல், 18 வயதில், ஹெலிகொப்ரர் செய்வதற்கான ஒரு பெட்டியின் துண்டுகளைக் கொண்டு மறுபடியும் செய்தார். இம்முறை அந்தக் கையை ஊன்றித் தண்டால் எடுக்க முடிந்தது. தொடர்ந்து மேலும் திருத்தமான கைகளைச் செய்தார். உயிரியல் பொறியியலும் படித்தார். பின்னர் கையில்லாத வேறொரு சிறுவனுக்கும் செய்து கொடுத்தார். ஹெலிகொப்ரர் கையாக மாறிய கதை இது. கண்ணிவெடியிலும் ஷெல்லடியிலும் அவயவம் இழந்து, செயற்கைக் கால் தேய்ந்த பின் புதியதற்காகக் காத்திருக்கும் சகோதரிகள் பலர் எம்மிடையே உள்ளனர். பிளாஸ்ரிக் கட்டை அவர்களுக்குத் தீர்வு என்று சொல்ல வரவில்லை. அதற்கு முறையான வைத்திய வசதியே வேண்டும். ஆனால் தன் உடலுக்கு எது பொருந்தும் என்பதை அளந்து பார்க்கும் உரிமை முதலில் தனக்கே உண்டு என்று ஒரு பையன் நினைத்தான் அல்லவா, அந்த இடம் எனக்குப் பெரிதாகப் படுகிறது.

இறுதியாக லில்யா ஃபிங்கெல் என்ற பெண்ணைப் பற்றிச் சொல்ல வேண்டும். அமெரிக்காவில் மத்தியூ ஷிஃப்ரின் என்ற விழிப்புலனற்ற சிறுவனுக்குக் கட்டைகளில் மிகுந்த விருப்பம். ஆனால் கையேட்டில் எழுத்தே இல்லை, எல்லாம் படங்கள். கண் தெரியாத பிள்ளை யாராவது பக்கத்தில் இருந்து சொல்லச் சொல்லத்தான் கட்ட வேண்டும். அவனுடைய 13ஆவது பிறந்த நாளன்று, குடும்ப நண்பியான லில்யா ஒரு பெரிய பெட்டியையும் தடித்த கோப்பொன்றையும் கொண்டு வந்தார். மத்திய கிழக்குப் பாணியில் அமைந்த அரண்மனை ஒன்றைக் கட்டுவதற்கான முழுச் செய்முறையையும் அவர் ஒவ்வொரு படியாகச் சொற்களில் ஆக்கி, பிரெயில் எழுத்தில் அடித்து வைத்திருந்தார். அரண்மனையில் எண்ணூறுக்கும் மேற்பட்ட துண்டுகள். படத்தில் மட்டும் இருந்த ஒவ்வொரு வடிவத்துக்கும் ஒரு பெயர் வைக்க வேண்டியிருந்தது. எது எதன் மேல், எத்தனையாவது குமிழில், எந்தப் பக்கம் பார்த்து என்று சொல்ல வேண்டியிருந்தது. மத்தியூ அதைத் தடவி வாசித்து, வாழ்க்கையில் முதற் தடவையாக ஒருவர் துணையுமின்றித் தானே ஒன்றைக் கட்டி முடித்தான்.

அதன் பின் இருவரும் சேர்ந்து இருபதுக்கும் மேற்பட்ட பெட்டிகளுக்கு இவ்வாறு செய்முறை எழுதி, வேறு விழிப்புலனற்றோரும் பெறத்தக்கதாக இலவசமாக வெளியிட்டனர். இதற்காக யாரும் அவருக்குச் சம்பளம் கொடுக்கவில்லை. லில்யா 2017இல் காலமானார். மத்தியூ நிறுவனத்தை அணுகினார். 2019இல், கேட்கவும் தடவி வாசிக்கவும் கூடிய செய்முறைகளை நிறுவனமே வெளியிட ஆரம்பித்தது. முதலில் நான்கு பெட்டிகளுக்கு.